தாவும் கண்ணைப் பாருங்கள்: நரம்பியல் பழக வருகிற பிள்ளைகளுக்கு

ஈரோடு, தாராபுரம், நாமக்கல் பக்கத்திலிருந்து மருத்துவம் படித்து முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மேடம், நியூராலஜி எடுக்கலாமுங்களா?" அரசு மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால் வழி தெரியும் என்று நம்புகிறார்கள். ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

படிப்புக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். எம்.பி.பி.எஸ். 4½ ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் 1 ஆண்டு. பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. 3 ஆண்டு. அப்புறம் நரம்பியலுக்கென்றே உள்ள மேல்படிப்பு, டி.எம். நியூராலஜி 3 ஆண்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு நுழைவுத் தேர்வு. தடங்கலே இல்லாமல் போனாலும் 11½ ஆண்டு ஆகிவிடும். நடுவில் வீட்டில் "பொண்ணுக்கு வயசாவுதுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

தேர்வுக்குப் படிக்க ஆயிரம் வகுப்புகள் இருக்கின்றன. நோயாளி முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது என்பதைத்தான் நான் சொல்ல முடியும். அதற்கு ஒருவருடைய வாழ்க்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்: பேராசிரியர் நோஷிர் வாடியா. 1925இல் சூரத்தில் பிறந்தவர். பம்பாயில் மருத்துவம் படித்து, இங்கிலாந்து போய் லண்டனில் நரம்பியல் பழகி, 1950களில் ஊர் திரும்பி கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும் ஜே.ஜே. மருத்துவமனையிலும் நரம்பியல் துறையை வளர்த்தார். பின்னாளில் ஜஸ்லோக் மருத்துவமனையில் இருந்தார். 2012இல் பத்ம பூஷண். 2016இல் காலமானார். நான் அவரிடம் படித்தவள் இல்லை, அவர் எழுதியதைப் படித்தவள். அவர் ஊர் திரும்பிய காலத்தில் சி.டி. ஸ்கேனும் இல்லை, எம்.ஆர்.ஐ.யும் இல்லை. பேர் சொல்லும்படி அவர் கண்டுபிடித்தவை எல்லாம் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டும் பார்த்தும் கண்டவை. இன்று ஸ்கேன் படத்தை முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆளைப் பார்க்கிற டாக்டர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். படம் எங்கே போய்விடப் போகிறது?

முதல் பழக்கம்: போன இரண்டு மாதத்தைக் கேளுங்கள். 1971இல் பம்பாயில் கண்வலி பரவியது. நம் ஊரில் 'மெட்ராஸ் ஐ' என்கிறோமே, அந்த மாதிரி, ஆனால் கண்ணில் ரத்தம் கட்டுகிற வகை. கண் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அதற்குச் சில வாரம் கழித்து, பெரியவர்கள் கால் துவண்டு, போலியோ வந்த குழந்தைகளைப் போல மருத்துவமனைக்கு வந்தார்கள். கண்ணுக்கும் காலுக்கும் முடிச்சுப் போட்டு எழுதியவர்களில் வாடியா முக்கியமானவர். காரணம் என்டெரோவைரஸ் 70. கால் விழுந்து வந்தவர் தானாக "போன மாசம் கண் வலிச்சுது" என்று சொல்லமாட்டார். அது முடிந்துபோன கதை அவருக்கு. நீங்கள்தான் கேட்க வேண்டும். நரம்பு தாக்கப்பட்டுக் கை கால் விழுகிற கில்லன்-பாரே நோயிலும் அப்படித்தான், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் முன்னால் வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ இருந்திருக்கும். நம் பக்கம் இன்னொன்றும் கேளுங்கள்: தோட்டத்துக்கு மருந்து அடித்தாரா, அல்லது அந்த மருந்தைக் குடித்துப் பிழைத்தவரா? ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகளில் சில, உயிர் பிழைத்த இரண்டு மூன்று வாரத்தில் கால் நரம்பைத் தாக்கும். இதைச் சபையில் கேட்காதீர்கள். கூட வந்தவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

வலிப்பு என்று வந்தால் நோயாளியைவிடப் பார்த்தவர்தான் முக்கியம். பேருந்துச் செலவு பார்த்து அவரை வீட்டில் விட்டு வந்திருப்பார்கள். போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். அடுத்த முறை வலிப்பு வந்தால் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கையில் இரும்புச் சாவி திணிக்கிற வேலை வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது பழக்கம்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியது. வாடியா, சுவாமி என்ற சக மருத்துவரோடு சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 9 குடும்பங்கள். நடை தள்ளாடும், பேச்சு குழறும், கை நடுங்கும். சிறுமூளை தேய்கிற பரம்பரை நோய். அது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். அவர்கள் புதிதாகப் பார்த்தது அந்தக் குடும்பங்களில் கண் அசைகிற வேகத்தை. அது மிகவும் மெதுவாக இருந்தது.

இதை எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான மாணவர்கள் ஒரு விரலை நீட்டி, "தலையை ஆட்டாம என் விரலையே பாருங்க" என்று சொல்லி இடமும் வலமும் மெல்ல நகர்த்துவார்கள். கண் அழகாகக் கூடவே வரும். 'கண் அசைவு இயல்பு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். விரலைத் தொடர்கிற அசைவு வேறு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிற அசைவு வேறு. இந்த நோயில் முதலில் அடிபடுவது தாவல். ஆகவே இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலை, நோயாளியின் முகத்துக்கு ஒரு கை நீளத்தில், தோள் அகலத்துக்குப் பிரித்து நிறுத்துங்கள். ஒரு கையில் பேனா வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது. "பேனா... விரல்... பேனா" என்று சொல்லச் சொல்லப் பார்வையை மாற்றச் சொல்லுங்கள். நல்ல கண் எப்போது போனது என்று உங்களுக்கே தெரியாது, அவ்வளவு வேகம். இவர்களுக்கோ கண் பாதி வழியில் போய்க்கொண்டிருப்பதை நின்று பார்க்கலாம். சிலர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் தள்ளுவார்கள். சிலர் தலையை வெட்டித் திருப்புவார்கள். தாடையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு மறுபடி பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் கோடு போட்ட துணி போதும். இதற்கென்று உருளை விற்கிறார்கள், வாங்க வேண்டாம். நான் வைத்திருந்தது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வெட்டிப்போட்ட கட்டிங் துணி. இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். அதை முகத்துக்கு முன்னால் பக்கவாட்டில் இழுத்தால் நல்ல கண் ஒவ்வொரு கோட்டையும் பிடித்துப் பிடித்துத் திரும்பித் துள்ளும். இந்த நோயாளிக்குத் துள்ளல் வராது, கண் துணியோடு ஒரு பக்கம் போய் அங்கேயே நின்றுகொள்ளும். கணுக்கால் அனிச்சையையும் (சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளுவது) தட்டிப் பாருங்கள், அதிர்வு தெரிகிறதா என்று 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைக் கால் பெருவிரலில் வையுங்கள். இரண்டும் குறைந்திருந்தால் நரம்பும் சேர்ந்து கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

25 ஆண்டு கழித்து, 1996இல், இதற்கான மரபணுவை 12ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். இப்போது எஸ்.சி.ஏ. 2 (ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா, 2ஆம் வகை) என்று பெயர். அந்த மரபணுவில் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று வழக்கமாக 22 முறை வரும். அது 35ஓ அதற்கு மேலோ போனால் நோய். கியூபாவில் ஓல்கின் மாகாணத்தில் இந்த நோய் அதிகம். அங்கேயும் மெதுவான கண்தான் அடையாளம். ஆய்வகம் வந்து பெயர் வைப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, வெறும் கண்ணால் பார்த்து இது தனி வகை என்று பிரித்து வைத்தார்கள் பாருங்கள், அதனால்தான் வாடியாவை இங்கே இழுத்து வந்தேன்.

மூன்றாவது, குடும்ப மரம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கருப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, சொந்தத்தில் கட்டினவர்களுக்கு இரட்டைக் கோடு. நம் கொங்கு நாட்டில் இந்த இரட்டைக் கோடு நிறையப் போட வேண்டிவரும். ஒரே கூட்டத்துக்குள் (குலத்துக்குள்) கட்டமாட்டார்கள், ஆனால் மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை கட்டுவார்கள். இரட்டைக் கோட்டுக்குக் கீழே பிள்ளைகளுக்கு மட்டும் நோய், பெற்றோர் இருவரும் சுகம் என்றால் ஃப்ரீட்ரைக், வில்சன் நோய்கள் போன்ற ஒடுங்கிய வகைகளை (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய்) நினையுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் கருப்பாக வந்தால் எஸ்.சி.ஏ. வகை, நோய் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தலைமுறை இறங்க இறங்க இளம் வயதிலேயே தொடங்கவும் செய்யும்.

"வீட்டுல வேற யாருக்காவது இருக்குதுங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்கக் கூடாது. அப்பாரு, ஆத்தா (அப்பாவின் பெற்றோர்), அப்புச்சி, அம்முச்சி (அம்மாவின் பெற்றோர்) என்று ஒவ்வொருவராகப் போங்கள். எந்த வயதில் போனார், கடைசிக் காலத்தில் வரப்பு மேல் நடந்தாரா, கிணற்றுப் படி இறங்கினாரா, மொபெட் ஓட்டுவதை எப்போது விட்டார், கையெழுத்து எப்படி இருந்தது? பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர், நூல் முடி போட முடியவில்லை என்று வந்தார். வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சாதித்தார். கூட வந்த ஆத்தாதான், "அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மணி, அவங்க அப்பாரு மட்டும் எந்நேரமும் குடிச்சுப்போட்டுத் தள்ளாடிட்டே இருப்பாரு" என்றார். காலையிலேயுமா என்று கேட்டேன். "காலையில எங்க குடிச்சாரு... ஆனா காலையிலயும் அப்படித்தான் நடப்பாரு" என்று சொல்லிவிட்டு அவரே யோசிக்க ஆரம்பித்தார். குடிகாரர் என்று பேர் வாங்கிப் போய்ச் சேர்ந்தவர்கள் இப்படி எத்தனை பேரோ. குடும்ப மரத்துக்கு நல்ல சாட்சி எப்போதும் பாட்டிகள்தான். அவர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.

ரத்தப் பரிசோதனை எழுதுமுன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். நோயை நிறுத்துகிற மருந்து இன்னும் இல்லை. நடைப் பயிற்சி, விழாமல் பார்த்துக்கொள்வது, விழுங்கும்போது புரையேறாமல் பார்ப்பது, பேச்சுப் பயிற்சி. இவ்வளவுதான் கையில் இருக்கிறது, அது குறைவும் இல்லை. நோய் உள்ளவருக்குப் பரிசோதனை செய்வது சுலபமான முடிவு. அவருடைய சுகமான மகளுக்குச் செய்வது அப்படியில்லை. ஜாதகம் கைமாறிக்கொண்டிருக்கும் வீட்டில், "பொண்ணுக்கும் சேர்த்து டெஸ்ட் பண்ணிருங்க, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று அப்பா கேட்பார். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அறிகுறி இல்லாமல் செய்யாதீர்கள். வயது வந்த பெண் என்றால் அவளை மட்டும் தனியாக உட்கார வைத்து, முடிவு எப்படி வந்தாலும் என்ன ஆகும் என்று சொல்லி, வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் அவளுடைய உரிமை என்று புரிய வைத்து, இரண்டாவது முறை வரச் சொல்லுங்கள். மரபணு ஆலோசகர் இருக்கிற இடத்துக்கு அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் இதற்கென்று தனியாகப் பார்க்கிறார்கள். அப்பா கோபித்துக்கொள்வார். என்னிடமும் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, பாதிப் பேர் பிறகு பெண்ணையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

கடைசியாக, கோட் பையில் என்ன வைப்பது: நீளக் கைப்பிடி சுத்தியல், 128 ட்யூனிங் ஃபோர்க், பேனா டார்ச், பஞ்சு, ஊசி (ஒருவருக்கு ஒன்று, குத்தியபின் போட்டுவிடுங்கள்), அந்தக் கோட்டுத் துணி. கண்ணின் உட்புறத்தைப் பார்க்கிற ஆப்தால்மோஸ்கோப் விலை அதிகம், டி.எம். சேர்ந்த பிறகு வாங்கினால் போதும்.