மாடிப் போர்ஷனுக்கு வெளிநாட்டவர் குடிவந்தால்

மார்கழி நெருங்கினால் மயிலாப்பூரில் போர்ஷன் தேடி வெளிநாட்டவர் வருவார்கள். நடனம் பயில்பவர்கள், கச்சேரிப் பித்துப் பிடித்தவர்கள் எனப் பலரை எங்கள் மாடியில் குடிவைத்திருக்கிறேன். வாடகை பேசும் முன் பாஸ்போர்ட்டையும் விசாவையும் வாங்கிப் பாருங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் நம்மிடம் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு இதன் பெயர் ‘சி படிவம்’) இணையத்தில் பதிய வேண்டும். ஓட்டல்களுக்குத்தான் இந்த விதி என்று பலர் இருந்துவிடுகிறார்கள். வீட்டில் தங்கவைப்பவருக்கும் இது பொருந்தும். படிவம் பதிவதற்கு முதலில் நம் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும்; அதற்கு அதிகாரிகளின் ஒப்புதல் வர வேண்டும். ஆகவே ஆள் விமானம் ஏறும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் தனியாக, சொந்தப் பெயர் தனியாக இருக்கும். அதே வரிசையில், எழுத்து பிசகாமல் நிரப்புங்கள். இந்தியாவுக்குள் வந்த தேதி குடியேற்ற முத்திரையில் இருக்கும். அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால், பொதுவாக வந்த 14 நாட்களுக்குள் குடியிருப்பவரே தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதுவும் இணையத்தில்தான். கூப்பிட்டால் மட்டும் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போனால் போதும். முகவரிச் சான்று கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை இழுத்தடிக்காமல் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தை போதும் என்னும் வீட்டுக்காரர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அடுத்தது சிம் கார்டு. உள்ளூர் எண் இல்லாவிட்டால் பல செயலிகளில் ஓடிபி வராது. அதுவரை ஆட்டோ பதிவு செய்வதற்கும் நம் கதவைத்தான் தட்டுவார்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 20 லிட்டர் கேன் எங்கே வாங்குவது, அதைத் தூக்கிக் கவிழ்ப்பது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். மோட்டார் போடும் நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஆவின் பாலில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று ஏறஏறக் கொழுப்பும் ஏறும். காபிக்கு நான் பச்சையைத்தான் சிபாரிசு செய்வேன்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் வருபவரை ஏஜி-டிஎம்எஸ் நிலையத்தில் இறங்கச் சொல்லுங்கள். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். கபாலீசுவரர் கோயிலில் மதியம் நடை சாத்துவதையும் சொல்லி வையுங்கள். உச்சிவெயிலில் வெறுங்காலோடு வாசலில் நிற்க வேண்டாம். சபாக்களின் நிகழ்ச்சி நிரலை அவர்களே தேடிப் படித்துவிடுவார்கள். எந்த சபா கேன்டீனில் என்ன சாப்பிடலாம் என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.