தமிழ்ப் பாடத்தில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

மனப்பாடப் பாடலுக்கு ஒரு நாள், இலக்கணத்துக்கு ஒரு நாள், வரலாற்றுக்கு வேறொரு நாள் என்று பிரித்துப் படிப்பது நம் மாணவர்களின் வழக்கம். ஒன்றில் படித்தது இன்னொன்றுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. விடைத்தாளில் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

எல்லோருக்கும் தெரிந்த 391ஆம் குறளையே எடுத்துக்கொள்வோம்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

இதை எழுதச் சொன்னால் பலர் ‘கற்கக் கசடற’ என்று ஒரு ‘க்’ சேர்த்துவிடுகிறார்கள். அடுத்தாற்போல் ‘கசடறக் கற்பவை’ வருவதால் காதுக்கு இதுவும் சரியென்றே படுகிறது. ஆனால் ‘கற்க’ என்பது இங்கே கட்டளையாக வரும் வியங்கோள் வினைமுற்று. அதன்பின் வல்லினம் மிகாது, அதாவது க், ச், த், ப் சேராது. ‘வாழ்க தமிழ்’ என்பதில் மிகுகிறதா என்ன? ‘கசடற’ என்பதோ குற்றம் நீங்கும்படி என்னும் பொருள் தரும் வினையெச்சம், அதன்பின் மிகும். ‘கற்கக்’ என்று எழுதிவிட்டால் ‘கற்பதற்கு’ என்றாகி, வள்ளுவர் இட்ட கட்டளையே காணாமல் போய்விடும். ‘அதற்குத் தக’ என்பதில் ‘த்’ வருவது நான்காம் வேற்றுமை உருபால். ஆக, ஏழு சீருக்குள் மூன்று விதிகள். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்ற பட்டியலைத் தனியாக உருப்போடுவதைவிட, ஏற்கெனவே மனப்பாடமான பாடல்களில் அவற்றைத் தேடிப் பிடிப்பது எளிது. மறக்கவும் மறக்காது.

சீர்களை அசைகளாகப் பிரித்து வாய்பாடு சொல்லும் அலகிடுதலில் நடக்கும் தவறு வேறு வகை. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற வாய்பாடுகள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அசை பிரிப்பதில்தான் கை நடுங்கும். நேர், நிரை என்ற இரு அசைகளில், இரண்டு குறில் சேர்ந்தால் நிரை என்பதை மறந்து ‘கசடற’வை எழுத்தெழுத்தாக உடைத்துவிடுவார்கள். சரியாகப் பிரித்தால் கற்/க தேமா, கச/டறக் கருவிளம், கற்/பவை கூவிளம், கற்/றபின் கூவிளம், நிற்/க தேமா, அதற்/குத் புளிமா. கடைசிச் சீரான ‘தக’வுக்கு வாய்பாடு மலர்; அங்கே ‘நிரை’ என்று மட்டும் எழுதிவிட்டு வருகிறவர்களும் உண்டு. எழுதியது சரிதானா என்று ஆசிரியரைக் கேட்காமலே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. குறள் வெண்பா வகையைச் சேர்ந்தது; வெண்பாவில் மாச்சீரை (தேமா, புளிமா) அடுத்து நிரை வரவேண்டும். விளச்சீரையும் (கருவிளம், கூவிளம்) மூன்றசையுள்ள காய்ச்சீரையும் அடுத்து நேர் வரவேண்டும். எங்காவது இடித்தால் பிரித்ததில் பிழை. சீரும் சீரும் இணையும் இந்த முறையான தளையைத் தனிக் கேள்வியாக மட்டுமே படிக்கிறவர்களுக்கு இந்த வசதி கைக்கு வருவதில்லை.

நயம் பாராட்டச் சொன்னால், ‘இப்பாடலில் எதுகையும் மோனையும் சிறப்பாக அமைந்துள்ளன’ என்று எல்லாப் பாடலுக்கும் பொருந்தும் ஒரு வரியை எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். அது எந்தப் பாடலுக்கும் பொருந்தாத வரியும்கூட. முதல் அடியின் நான்கு சீரும் ‘க’வில் தொடங்குகின்றன, ‘கற்க – நிற்க’ அடியெதுகை என்று எடுத்துக் காட்டினால்தான் அது விடை.

நோட்ஸில் உள்ள தெளிவுரையை முதலில் படித்துவிட்டுப் பாடலுக்கு வருவதையும் விட்டுவிடலாம். பாடலை வாய்விட்டு இருமுறை படித்து, பதம் பிரித்து, புரியாத சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு, பிறகு உரையைத் திறக்கலாம்.

வரலாற்றில் பெருந்தவறு, கதை சொல்வதை நடந்ததாக எழுதுவது. முதற்சங்கம் 4440 ஆண்டு நடந்தது என்று சொல்வது இறையனார் களவியல் என்னும் இலக்கண நூலின் உரை. ‘என்று அவ்வுரை கூறுகிறது’ என்ற இரண்டு மூன்று சொற்களை விட்டுவிட்டால் விடை தவறாகிவிடும். சோழர் வரலாற்றில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு தருகிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். நந்தினியோ 1950களில் கல்கி தம் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதைக்காகப் படைத்த பாத்திரம். அவளைச் சோழர் வரலாற்று விடைக்குள் அழைத்து வருவதற்குத் திரைப்படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதும் வீண் உழைப்பு. நூலை அரசனோடு சேர்த்துப் படித்தால் பாதிச் சுமை குறையும். கலிங்கத்துப்பரணி, 1070 முதல் 1120 வரை ஆண்ட முதல் குலோத்துங்கன் காலத்தது. பெரியபுராணம் அவன் பேரன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தது. இந்த இருவரையும் ஒருவராக்கிவிட்டால், ஒரே தவறுக்குத் தமிழ்த் தாளிலும் வரலாற்றுத் தாளிலும் மதிப்பெண் போகும்.