சனிக்கிழமை விருந்துக்கு வாரம் முழுவதும் சேமித்த கலோரி

எடையைக் குறைப்பதற்காக நாளொன்றுக்கு 1,800 கலோரி என வரம்பு வைத்திருந்த நான், சனிக்கிழமை இரவு உணவகத்துக்குப் போவதென்றால் அன்று காலையும் மதியமும் பட்டினி கிடந்து, மிச்சத்தையெல்லாம் இரவுக்கு ஒதுக்குவதே கெட்டிக்காரத்தனம் என்று நம்பியிருந்தேன். ஆனால் பசி காதை அடைத்த நிலையில் உட்காருகிறவனுக்குக் கணக்கு எங்கே நினைவிருக்கும்? கேட்ட உணவு வருவதற்குள், முதலில் வைத்த பொரித்த தின்பண்டத்திலேயே சேமிப்பில் பாதியைத் தின்று தீர்த்திருப்பேன்.

பிறகு நாள் கணக்கை விட்டு, 12,600 கலோரி என்ற வாரக் கணக்குக்கு மாறினேன். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 120 கலோரி குறைத்தால் சனிக்கிழமைக்கு 600 கூடுதலாகக் கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைத் தவிர்த்தாலே ஏறக்குறைய அவ்வளவு மிச்சமாகிவிடுவதால், குறைத்தது உடம்புக்குத் தெரியவே இல்லை. முதலில் தின்றுவிட்டுப் பின்னர் ஈடுகட்டும் வழியையும் முயன்று பார்த்தேன். அந்தக் கடன் அடைவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிடுகிறது.

இப்போது சனிக்கிழமையன்றும் காலையில் முட்டையோ பருப்போ சாப்பிட்டுவிடுகிறேன். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்பதாலும், உணவகத்தில் ஊற்றும் எண்ணெய் நம் கண்ணில் படுவதில்லை என்பதாலும், என் மதிப்பீட்டுக்கு மேல் 150 கலோரியைச் சேர்த்தே எழுதுகிறேன்.

மறுநாள் எடை ஒரு கிலோ ஏறியிருந்ததைக் கண்டு முதன்முறை அரண்டுபோய் மறுபடி பட்டினி கிடந்தேன். உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர் அது என்று புரிந்தபின், புதன்கிழமை வரை எடைப்பொறியில் ஏறுவதில்லை.