சைக்கிள்காரன் புத்தியோட பைக், பைக்காரன் ஒழுங்கோட சைக்கிள்: செட்டிநாட்டு ரோட்டுல ஓட்டிப் பழக

காரைக்குடியில ரெண்டு கோஷ்டி இருக்கு. விடியக்காலைல கியர் சைக்கிள எடுத்துக்கிட்டு கிளம்புறது ஒண்ணு, ஞாயித்துக்கிழமையானா புல்லட்ல திருமயம் கோட்டை வரைக்கும் போய் டீ குடிச்சுட்டு வர்றது இன்னொண்ணு. இவங்க அவங்கள பாத்து "கால் வலிக்க எதுக்குப்பா இந்த வேலை"ம்பாங்க, அவங்க இவங்கள பாத்து "உக்காந்துக்கிட்டே போறதெல்லாம் ஒரு ரைடா"ம்பாங்க. எனக்கு ரெண்டும் பிடிக்கும், ஒண்ணுல பழகுனது இன்னொண்ணுக்கு அப்படியே உதவும்ங்கறதுதான் நான் சொல்ல வந்தது.

பைக்கே சைக்கிள்லேர்ந்து வந்ததுதான? ராயல் என்ஃபீல்டு 1901ல மொத பைக்க விட்டப்ப அது ஏற்கனவே சைக்கிள் பண்ணிக்கிட்டிருந்த கம்பெனி. பிஎஸ்ஏவும் ரெண்டையும் பண்ணுச்சு. நம்ம பக்கமும் இதுல ஒரு கை இருக்கு, 1949ல அம்பத்தூர்ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ் நம்ம பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தோடது. ஆறு வருஷம் கழிச்சு 1955ல அதே மெட்ராஸ்ல என்ஃபீல்டு வந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். மொதல்ல திருப்புறது. வேகம் கொஞ்சம் ஏறிட்டா, சும்மா இருபதுக்கு மேல போனாலே, வண்டி ஹேண்டில திருப்பி திரும்புறதில்ல, சாய்ஞ்சுதான் திரும்பும். வலது பக்கம் போகணும்னா வலது கைப்பிடிய லேசா முன்னாடி தள்ளணும், கேக்க தலைகீழா இருக்கும் ஆனா அதான் நடக்குது, நீங்க தெரியாமயே தினம் பண்ணிக்கிட்டுதான் இருக்கீங்க. சந்தேகமா இருந்தா ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டல் பக்கத்துல நல்ல நேர் ரோடா பாத்து, சைக்கிள்ல கொஞ்சம் வேகமா போய், வலது கைப்பிடிய இறுக்கிப் புடிக்காம உள்ளங்கைய மட்டும் வச்சு ஒரு துளி முன்னாடி அழுத்திப் பாருங்க, வண்டி தானா வலது பக்கம் சாயும். இது சைக்கிள்ல கைக்கு வந்துட்டா பைக்குல திடீர்னு ஆடு குறுக்க வந்தா ஒதுக்குறது பெரிய விஷயமே இல்ல. கண்ணு மட்டும் ஆட்ட பாக்கக்கூடாது, பக்கத்துல இருக்கிற காலி இடத்த பாக்கணும், எத பாக்குறீங்களோ வண்டி அங்கதான் போகும்.

பிரேக்குல ஒரு வம்பு இருக்கு. நம்ம ஊரு சைக்கிள்ல பெரும்பாலும் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். பைக்குலயும் வலது கை முன் பிரேக்தான், ஆனா இடது கைல கிளட்ச், பின் பிரேக் கால்ல. ஸ்கூட்டர்னா மறுபடியும் இடது கை பின் பிரேக். சைக்கிள்லேர்ந்து நேரா கியர் பைக்குக்கு வர்ற பையன் பதட்டத்துல இடது கைய புடிப்பான், கிளட்ச் அமுங்கி இஞ்சின் பிடி விட்டுப்போய் வண்டி அது பாட்டுக்கு உருண்டுக்கிட்டே இருக்கும். அதனால எந்த வண்டில ஏறுனாலும் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் ஒரு தடவ அமுக்கிப் பாத்துக்கோங்க. முன் பிரேக் போட்டா குப்புற விழுவோம்னு பயப்படாதீங்க, பிரேக் போடும்போது வெயிட்டெல்லாம் முன் சக்கரத்துக்கு வந்துரும், நிறுத்துற வேலைய பாதிக்கு மேல அதுதான் செய்யும், மெதுவா ஆரம்பிச்சு படிப்படியா அழுத்துங்க. ஆனா தார் ரோட்ட விட்டு செம்மண் சரளைல எறங்கிட்டா அந்த பேச்சே வேற, அங்க முன் பிரேக்க தொட்டும் தொடாம, பின் பிரேக்க வச்சு ஓட்டணும். ஐப்பசி மழைல செம்மண் ஈரமாயிட்டா சோப்பு மாதிரி, அன்னைக்கு எறங்காம இருக்கிறதே நல்லது.

அடுத்து கியர், இது சைக்கிள்காரங்க பைக்காரங்களுக்கு சொல்லிக்கொடுக்க வேண்டியது. ஒரு நிமிஷத்துக்கு பெடல் எழுபதுலேர்ந்து தொண்ணூறு சுத்து சுத்துற மாதிரி கியர் வச்சா முட்டி தப்பிக்கும், கனமான கியர்ல முக்குனா முட்டி போகும். டாப் கியர்ல இருபதுல போய் இஞ்சின் குடுகுடுன்னு அடிச்சுக்குறப்ப முறுக்குறாங்களே, அதுவும் அதேதான், ஒரு கியர் கொறைங்க. எதிர்காத்தும் அப்படித்தான். சைக்கிள்ல கால் சொல்லும், பைக்குல பெட்ரோல் டேங்க் சொல்லும். வேகம் ரெண்டு மடங்கானா காத்து தள்ளுறது நாலு மடங்காகும், எண்பதுல போறவனுக்கு மைலேஜ் கிடைக்கலன்னா கம்பெனிய திட்டி பிரயோஜனம் இல்ல.

செயின் பராமரிப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். எங்க தெரு சைக்கிள் கடை அண்ணன் சொல்றது, "தம்பி, எண்ணெய ஊத்தாத, துணில தொடச்சுட்டு ஒவ்வொரு கண்ணிக்கா ஒரு சொட்டு விடு, மிச்சத்த தொடச்சுரு." செம்மண் தூசி எண்ணெய்ல ஒட்டுனா பல்சக்கரத்த அரம் போட்டு ராவுன மாதிரி தின்னுரும். சைக்கிள் செயின் ஒரு சென்டிமீட்டர் ஆடுனா போதும். பைக் செயின் நிறைய வண்டில 25, 30 மில்லிமீட்டர் ஆடணும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். காத்தும் அதுல போட்டிருக்கிற அளவுதான். சைக்கிளுக்கு டயர் ஓரத்துல அச்சடிச்சிருப்பான்.

முள்ளு இங்க தனி கதை. நெருஞ்சியும் சீமைக்கருவேலும் இல்லாத ஓரமே கிடையாது. சைக்கிள் பஞ்சரானா டியூப்ப மாத்துறதுக்கு முன்னாடி டயருக்குள்ள ஒரு துணிய விட்டு சுத்திலும் தடவுங்க, முள்ளு மொனை துணில மாட்டும், அத எடுக்காம புது டியூப் போட்டா அடுத்த ஊருக்கு தள்ளிக்கிட்டுதான் போகணும். பழைய மாடல் வால்வுன்னா அதுல மாட்டுற சின்ன ரப்பர் குழாய், வால்டியூப், ரெண்டு துண்டு பைல கெடக்கட்டும். வேட்டியோட போறவங்க செயின் கவர் இல்லாத சைக்கிள்ல ஏறாதீங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

இப்ப ரூட்டு. காரைக்குடிலேர்ந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியா கானாடுகாத்தான், அங்கேர்ந்து ஆத்தங்குடி. மேடு பள்ளம் பெருசா இல்ல. சித்திரை வைகாசின்னா அஞ்சரைக்கே கிளம்பி ஒன்பதுக்குள்ள திரும்பப் பாருங்க, சைக்கிளோ பைக்கோ வெயிலுக்கு வித்தியாசம் தெரியாது. பைக்குல போறவங்க நாப்பதுக்கு மேல போகாதீங்க. அதுக்கு மேல போனா வாசல்ல கோலம் போடுறது, ஊருணிப் படித்துறை, எதுவும் கண்ணுல படாது, அப்புறம் எதுக்கு இந்த ரோடு, பைபாஸ்லயே போயிறலாமே. கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்ட சுத்தி மெதுவா வாங்க. முகப்பு ஒரு தெருவுல, பின்கட்டு வாசல் அடுத்த தெருவுல இருக்கும், வீடு எவ்வளவு நீளம்னு சக்கரம் உருள்றப்பதான் ஒறைக்கும். ஆத்தங்குடில தரைக்குப் பதிக்கிற கலர் கல்லு, அதான் டைல்ஸ், போடுற பட்டறையிலயும் கேட்டுட்டு உள்ள போய் பாருங்க, கண்ணாடி மேல கலர ஊத்தி, அதுக்கு மேல சிமெண்ட் போட்டு, தண்ணில ஊற வைப்பாங்க.

வழி கேக்கணும்னா சைக்கிள்காரனுக்கு கஷ்டமே இல்ல, திண்ணைல இருக்கிற ஆச்சியே "யாரு வீட்டுப் புள்ள நீ"ன்னு ஆரம்பிச்சிருவாங்க. பைக்னா இஞ்சின ஆஃப் பண்ணி, ஹெல்மெட்ட கழட்டிட்டு, "ஆச்சி, ஆத்தங்குடிக்கு எந்தப் பக்கம்?"னு கேளுங்க. ஹெல்மெட்டோட உறுமுற வண்டில உக்காந்துக்கிட்டே கேட்டா கைய மட்டும் காட்டிட்டு உள்ள போயிருவாங்க.