பெச்சா: சமைப்பதிலும் மதிப்பிடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்றுக்காலை நெடுநேரம் வேகவைத்து, பூண்டும் மிளகும் சேர்த்து, அந்தச் சாறு தானாகவே ஜெல்லியாக உறையும்வரை குளிரவைத்துச் செய்யப்படும் பெச்சா, கிழக்கு ஐரோப்பாவைப் பூர்வீகமாகக் கொண்ட அஷ்கெனாசி யூதர்களின் பழைய உணவு. சப்பாத் எனும் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டிச் சமைப்பது விலக்கப்பட்டிருப்பதால், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே செய்து வைத்து, சனிக்கிழமை மதியம் குளிர்ந்தபடியே பரிமாறுவதற்கு இது மிகவும் ஏற்றதாக இருந்தது. இன்றோ ஒரே குடும்பத்தில் மூத்தவர்கள் ஏங்கிக் கேட்கும் இதைப் பேரப்பிள்ளைகள் தொடவும் மறுக்கிறார்கள். குளிர்ந்து வழுக்கும் இறைச்சி எல்லோருக்கும் பிடித்தாக வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆயினும் இந்த வெறுப்பின் பெரும்பகுதி, சரியாகச் செய்யப்படாத பெச்சாவை உண்டதால் வந்தது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

சமையலில் நேரும் முதல் தவறு அவசரம். காலின் தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் எனும் புரதம், மெல்லிய தீயில் நான்கைந்து மணி நேரம் வெந்தால்தான் ஜெலட்டினாக மாறிச் சாற்றில் கரையும். நம் ஆட்டுக்கால் பாயா மறுநாள் குளிர்சாதனப் பெட்டியில் இறுகிக் கிடப்பதற்கும் இதுவே காரணம். தீயைக் கூட்டித் தளதளவெனக் கொதிக்கவிட்டால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிவிடும், அந்தக் கலங்கலையே பலர் பார்த்தவுடன் வெறுக்கிறார்கள். தொடக்கத்தில் மேலெழும் நுரையை அகற்றுவதும், குளிர்ந்தபின் மேலே படியும் கொழுப்பை வழித்தெடுப்பதும் விட்டுவிடக் கூடாத வேலைகள். உறையுமோ என்ற ஐயம் வந்தால், ஒரு கரண்டிச் சாற்றைக் குளிர்ந்த தட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டு, இறுகாவிடில் மேலும் வற்றவைக்க வேண்டும். அதை விடுத்துப் பொட்டல ஜெலட்டினைக் கலப்பது பெச்சாவை ரப்பராக்கிவிடும். தவிர, கடைகளில் கிடைக்கும் ஜெலட்டினில் கணிசமானது பன்றித்தோலிலிருந்து எடுக்கப்படுவது என்பதால், கோஷர், அதாவது யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது எனும் முத்திரை இல்லாததை யூத சமையலறையில் பயன்படுத்தவே முடியாது.

சுவை சேர்ப்பதில் நேரும் தவறு இதைவிடப் பெரியது. குளிர்ச்சி நாவின் உணர்வை மழுங்கச் செய்வதால், சூடாக இருக்கும்போது சரியாகத் தோன்றும் சாறு உறைந்தபின் சப்பென்றிருக்கும். ஆகவே மிளகும் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சற்றுத் தூக்கலாகவே இருக்க வேண்டும். பூண்டு முழுவதையும் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் அதன் காரம் வெந்து அடங்கிவிடும் என்பதால், ஒரு பங்கைப் பச்சையாக நசுக்கி, அடுப்பிலிருந்து இறக்கியபின் கலப்பதே முறை. உப்பை மட்டும் இறுதிவரை தள்ளிப்போடுவது நல்லது: கோஷர் முறையில் இறைச்சியை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பிட்டுக் கழுவுவதால் அதில் முன்பே உப்பு இருக்கும், சாறு வற்ற வற்ற அது மேலும் கூடும். அவித்த முட்டை வில்லைகளைச் சாறு பாதி உறைந்தபின் அடுக்கினால் அவை இடம் மாறாமல் நிற்கும்.

உண்பவர்கள் செய்யும் தவறும் உண்டு. ஜெல்லி என்றாலே பழச்சுவையுள்ள இனிப்பு என்று பழகிய அமெரிக்கத் தலைமுறைக்கு, அதே நடுக்கமுள்ள பொருளில் பூண்டும் இறைச்சியும் வருவது அதிர்ச்சியாக இருக்கிறது. இனிப்பை எதிர்பார்த்து வாயில் வைத்தால் எவருக்கும் பிடிக்காது. இன்னொரு தவறு, மேசையில் நெடுநேரம் வைத்துவிட்டுப் பாதி உருகிய நிலையில் உண்பது. உடலின் வெப்பத்துக்குச் சற்றுக் கீழான நிலையிலேயே ஜெலட்டின் உருகிவிடும்; நன்கு குளிர்ந்த துண்டு நாவில் பட்டுக் கரையும்போதுதான் அதன் சாறு முழுமையாக வெளிப்படும், விரும்புகிறவர்கள் விரும்புவதும் அதையே.

இதை யூதர் அனைவருக்கும் பொதுவான உணவாகக் கொள்வதும் பிழை. ஏமன் நாட்டு யூதர்கள் மாட்டுக்காலை மஞ்சளும் சீரகமும் கலந்த மசாலாவோடு சூடான சூப்பாகவே உண்கிறார்கள். ரஷ்யர்களின் ஹோலதேத்ஸ் எனும் இறைச்சி ஜெல்லி தோற்றத்தில் இதையே ஒத்திருந்தாலும், அதில் பெரும்பாலும் பன்றிக்கால் சேர்வதால் இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

குளிர்ந்த பெச்சாவை ஏற்கவே முடியாதவர்களை வற்புறுத்த வேண்டியதில்லை. சில வீடுகளில் இதே சாற்றை உறையவிடாமல், சூடாக ரொட்டியோடு பரிமாறும் வழக்கமும் இருந்தது. அவர்களுக்கு முதலில் அதைக் கொடுத்துப் பார்க்கலாம்.