பெயர் தவறினால் பில்ட் ஸ்கிரிப்ட் வாய் திறக்காது

நிரலில் ஒரு மாறியின் பெயரைத் தப்பாக எழுதினால் பெரும்பாலும் கம்பைலர் அந்த வரியைக் காட்டிக் கத்தும். நிரலை இயங்கும் மென்பொருளாகக் கட்டும் படிகளை எழுதிவைக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் அப்படியல்ல. அறிவிக்காத பெயர் எதிரே வந்தால், அந்தப் படிகளை ஓட்டும் மேக் என்ற கருவியும் கட்டளைகளை இயக்கும் ஷெல்லும் அதை வெற்று மதிப்பாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பில்ட் முடிந்து பச்சை டிக்கும் விழும். கோளாறு வேறொரு நாள், வேறொருவர் கணினியில் தலைகாட்டும்.

ஒருமுறை மேக் படிக்கும் கோப்பான மேக்ஃபைலில் வெளியீட்டு ஃபோல்டருக்கான மாறியை அடிக்கோடு போட்ட பெயரில் அறிவித்தேன். கீழே, பழைய வெளியீட்டை அழிக்கும் வேலையான கிளீன் டார்கெட்டில் அடிக்கோட்டை விட்டுவிட்டேன். "இந்த ஃபோல்டருக்குள் இருப்பதையெல்லாம் அழி" என்று எழுதிய கட்டளை, மாறி வெற்றாகிப் போனதால், "ரூட்டுக்குள் இருப்பதையெல்லாம் அழி" என்று ஆனது; ரூட் என்றால் கணினியின் எல்லாக் கோப்புகளையும் கொண்ட உச்ச ஃபோல்டர். கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து வைத்த கன்டெய்னருக்குள் ஓடியதால் தப்பித்தேன். அன்றிலிருந்து ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் தொடக்கத்திலேயே 'செட் -யூ' போட்டுவிடுவேன். அறிவிக்காத பெயரைத் தொட்டதும் ஓட்டம் நின்றுவிடும். மேக்கில் இதற்கு '--வார்ன்-அன்டிஃபைன்டு-வேரியபிள்ஸ்' இருக்கிறது. ஆனால் அது எச்சரிக்கும், நிறுத்தாது. ஆகவே அழிக்கும் கட்டளைக்கு முன்னால் மாறி வெற்றா என்று தனியாகச் சோதிப்பது நல்லது.

மேக்கில் டாலர் குறிக்குப் பின் அடைப்புக்குறி போடாமல் விடுவதும் இதே ரகம். ஷெல் பழக்கத்தில் கை தானாக அப்படி எழுதிவிடும். மேக் முதல் எழுத்தை மட்டும் மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு, மிச்ச எழுத்துகளை வெறும் உரையாக ஒட்டிவிடும். மதிப்புக்குப் பின்னால் அதே வரியில் குறிப்பு எழுதும் வழக்கமும் வேண்டாம். குறிப்பு நீங்கிவிடும், அதற்கு முன்னிருந்த இடைவெளி மதிப்போடு தங்கிவிடும். அதைப் பாதையாகப் பயன்படுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியைத் தேடியே ஒரு மதியம் போய்விடும்.

அடுத்தது, கருவி ஏற்கெனவே தனக்கென்று வைத்திருக்கும் பெயர்களை நாம் எடுத்துக்கொள்வது. மேக் 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது; அதன் பார்வையில் டார்கெட் என்றால் ஒரு கோப்பின் பெயர். டெஸ்ட் என்று டார்கெட் வைத்து, பக்கத்திலேயே டெஸ்ட் என்று ஒரு ஃபோல்டரும் இருந்தால், "எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடும். ஒரு சோதனையும் ஓடியிருக்காது. கோப்பை உண்டாக்காத டார்கெட்டை எல்லாம் ஃபோனி என்று அறிவித்துவிட வேண்டும்.

மேக்கில் சிபிபி என்றால் சி++ என்று நினைத்து எழுதியவர்கள் ஏராளம். அது கம்பைலருக்கு முன் நிரலைத் தயார்செய்யும் சி ப்ரீப்ராசஸரின் பெயர். சி++ கம்பைலருக்கு சிஎக்ஸ்எக்ஸ். ஷெல் ஸ்கிரிப்டில் ஏதோ ஒரு பாதையைப் பெரிய எழுத்தில் பாத் என்ற மாறியில் போட்டால், ஷெல் கட்டளைகளைத் தேடும் இடம் மாறிவிடும்; அடுத்த வரியிலிருந்து வெளிக் கட்டளை எதுவும் கிடைக்காது. இதாவது உடனே தெரிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம்மில் அப்படித் தெரியாது. வெளியீட்டுக்கு முன் ஓட்டலாம் என்று ஒரு ஸ்கிரிப்டுக்கு ப்ரிப்பேர் என்று பெயர் வைத்தால், புராஜெக்ட் ஃபோல்டரில் யார் என்பிஎம் இன்ஸ்டால் அடித்தாலும் அது தானாக ஓடும். ப்ரீ, போஸ்ட் என்ற முன்னொட்டுகளும் அப்படித்தான்: ப்ரீபில்ட் என்று ஒன்று இருந்தால் பில்டுக்கு முன் அது ஓடியே தீரும்.

மேக்ஃபைல் போன்ற பில்ட் கோப்புகளை உண்டாக்கித் தரும் சிமேக்கில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது பில்ட் டைப் என்ற மாறி. அதற்கு மதிப்பே கொடுக்காவிட்டால், மேக்ஃபைல், நின்ஜா போன்றவற்றில் அது வெற்று; வேகமாக ஓடும் ரிலீஸும் இல்லை, பிழை தேட உதவும் டீபக்கும் இல்லை. ரிலீஸ் என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாலும் பிழை வராது. நிரலை வேகப்படுத்தச் சொல்லும் ஆப்டிமைசேஷன் கொடிகள் இல்லாமலே பில்ட் முடியும். பிறகு "சர்வரில் மட்டும் ஏன் மெதுவாக ஓடுகிறது" என்று ஒரு வாரம் விவாதம் நடக்கும். விஷுவல் ஸ்டுடியோ, எக்ஸ்கோடு வழியாகப் போனால் இந்த மாறியைக் கண்டுகொள்வதே இல்லை. பில்ட் செய்யும்போது '--கான்ஃபிக்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, முந்தைய மதிப்புகளைச் சேமித்து வைக்கும் அதன் கேஷ். ஆப்ஷனின் இயல்பு மதிப்பை ஸ்கிரிப்டில் மாற்றினாலும், பழைய பில்ட் ஃபோல்டர் பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். புதிதாக எடுத்தவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. சிமேக் 3.24 முதல், பழைய கேஷை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க '--ஃப்ரெஷ்' இருக்கிறது. அதற்கு முந்தையது என்றால் ஃபோல்டரை அழித்துவிடுங்கள்.

ஆப்ஷன்களுக்கு பில்ட் டெஸ்ட்ஸ் போன்ற பொதுப்பெயர் வைப்பதும் வம்புதான். உங்கள் நூலகத்தை இன்னொருவர் தன் புராஜெக்டுக்குள் சேர்க்கும்போது, அவருடைய அதே பெயர் ஆப்ஷன் உங்கள் சோதனைகளையும் சேர்த்து இயக்கிவிடும். புராஜெக்டின் பெயரை முன்னொட்டாகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. மேக்கின் கனூ பதிப்புக்கான கையேடு சொல்லும் வழக்கமும் உதவும்: பயனர் மாற்றக்கூடியவை பெரிய எழுத்தில், உள்வேலைக்கானவை சிறிய எழுத்தில்.

சரி, பயனர் மாற்றலாம் என்றால் எந்த மதிப்பு ஜெயிக்கும்? மேக்கில் கட்டளை வரியில் தருவது மேக்ஃபைலை வெல்லும். மேக்ஃபைலில் இருப்பது, ஷெல்லிலிருந்து வரும் என்விரான்மென்ட் மதிப்பை வெல்லும். என்விரான்மென்டுக்கு வழிவிட வேண்டுமானால் கேள்விக்குறியும் சமக்குறியும் சேர்ந்த வடிவத்தில் எழுதுவோம். இதில் ஒரு பொறி: சிசி என்ற கம்பைலர் மாறிக்கு இப்படி ஜிசிசி என்று எழுதினால் பலனே இல்லை. அதற்கு மேக் உள்ளுக்குள் ஏற்கெனவே ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. 'இல்லாவிட்டால் மட்டும்' என்ற நிபந்தனை நிறைவேறவே நிறைவேறாது.

மதிப்புகளிலும் கவனம் வேண்டும். டீபக் = 0 என்று கொடுத்துவிட்டு மேக்கில் 'இஃப்டெஃப்' கொண்டு சோதித்தால் டீபக் இயங்கும்; ஏதோ மதிப்பு இருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி, பூஜ்யமும் ஒரு மதிப்பே. அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் பைதான் பதிப்பு 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் அது எண்ணாகி 3.1 ஆகிவிடும்.

அப்புறம், ஜாவா புராஜெக்டுகளைக் கட்டும் கிரேடில். ரூட் புராஜெக்டின் பெயரை செட்டிங்ஸ் கோப்பில் எழுதாவிட்டால் ஃபோல்டரின் பெயரையே எடுத்துக்கொள்ளும். வேறு பெயரில் குளோன் செய்தவருக்கு பில்டில் கிடைக்கும் ஜார் கோப்பும் வேறு பெயரில் வரும்.