காட்டுயிர்ப் படங்களுக்கு டெலி ஜூம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பறவை பார்க்க வந்த தம்பி ஒருவர், 70-300 மி.மீ. ஜூம் லென்ஸுக்குப் பின்னால் 2 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துணைக்கருவி) மாட்டியிருந்தார். "600 கிடைச்சிடுச்சுண்ணா" என்றார். 12 வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையம்) பொருந்துகிறதா, பழைய லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்பதெல்லாம் எல்லோரும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

300 வாங்கி, கன்வெர்ட்டரால் 600 ஆக்குவது

1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதியைத் தின்னும். 2 மடங்கு இரண்டு ஸ்டாப். 300 மி.மீ.யில் எஃப் 5.6 தரும் லென்ஸ், எஃப் 11 ஆகிவிடும் (எஃப் எண் ஏற ஏற உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). 1/1000 நொடியில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 போதும் என்றிருந்த இடத்தில் இனி 6400 வேண்டும். மானும் நரியும் அதிகமாக வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும்தான். வெளிச்சம் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் இந்த இரண்டு ஸ்டாப் நம்மைக் கைவிடுகிறது.

அடுத்தது ஃபோகஸ். பல டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமராக்கள்) எஃப் 5.6-ஐத் தாண்டினால் ஆட்டோஃபோகஸுக்கு உத்தரவாதம் இல்லை; சிலவற்றில் நடுப்புள்ளி மட்டும் எஃப் 8 வரை தாங்கும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பல எஃப் 11-லும் பிடிக்கும். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் தடுமாறும். நான் கன்வெர்ட்டர் மாட்டிப் போன அன்று நாணல் தண்டில் ஒரு மீன்கொத்தி 20 நிமிடம் உட்கார்ந்திருந்தது. என் லென்ஸ் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருந்தது. பறவை பாய்ந்தது, மீனோடு திரும்பியது, போயே போய்விட்டது. உருப்படியாக ஒரு படம்கூட இல்லை.

வீட்டில் ட்ரைபாட் வைத்து ஒரு மரப்பட்டையைக் கன்வெர்ட்டரோடு ஒரு முறை, வெறும் 300-இல் ஒரு முறை எடுத்தேன். வெறும் 300-இல் எடுத்து கிராப் செய்த (ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கிய) படத்தில்தான் பட்டையின் வெடிப்புகள் துல்லியமாகத் தெரிந்தன. கன்வெர்ட்டர் பறவையை மட்டுமா பெரிதாக்குகிறது? லென்ஸின் குறையையும் சேர்த்துத்தான்.

பெரும்பாலான 70-300களில் அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கன்வெர்ட்டர் மாட்டவே முடியாது. துருத்திய அதன் முன்கண்ணாடி லென்ஸின் பின்கண்ணாடியில் இடிக்கும். அதனால் கடைக்காரர்கள் வேறு நிறுவனக் கன்வெர்ட்டரைச் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். இன்னமும் இப்படி விற்பதுதான் எனக்கு ஆத்திரம். பின்னால் நான் பெரிய ஜூம் வாங்கியபோது அந்தக் கன்வெர்ட்டர் அதற்கும் உதவவில்லை. இரண்டு முறை செலவு.

பொறுத்திருந்து ஒரே லென்ஸாக வாங்குங்கள். சோனி 200-600, நிக்கான் 180-600, சிக்மா, டேம்ரான் 150-600 எல்லாமே 600-இல் எஃப் 6.3 தருகின்றன. கேனான் ஆர்எஃப் 100-500 எடை குறைவு, ஆனால் 500-இல் எஃப் 7.1. அதில் கன்வெர்ட்டர் போட்டால் 300-க்குக் கீழே ஜூமைச் சுருக்க முடியாது. யானை பக்கத்தில் வந்தால் தும்பிக்கை மட்டும்தான் கிடைக்கும்.

எடையை எண்ணாக மட்டும் பார்ப்பது

சோனி 200-600 சுமார் 2.1 கிலோ, டிஎஸ்எல்ஆருக்கான சிக்மா 150-600 ஸ்போர்ட்ஸ் ஏறக்குறைய 2.9 கிலோ. உங்கள் கேமராவில் மாட்டி, கண்ணில் வைத்தபடி ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கை நடுங்கினால் மோனோபாடுக்கும் (ஒற்றைக்கால் தாங்கி) சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பது

அது கை நடுக்கத்தைத்தான் அடக்கும். சிறகை நிறுத்த ஷட்டர் வேகம் வேண்டும்.

கிட்டத்து ஃபோகஸை விசாரிக்காமல் விடுவது

பட்டாம்பூச்சி, ஓணான் எடுப்பவர்கள் கட்டாயம் பாருங்கள். சோனி 200-600-க்கு 2.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கேனான் 100-500, 100 மி.மீ.யில் 0.9 மீட்டர்.

நண்பகலில் சோதித்துவிட்டு லென்ஸைக் குறை சொல்வது

வெயில் காய்ந்த வெட்டவெளியில் 600-ஐ நீட்டினால் கானல்தான் படத்தைக் குழைக்கும். நல்ல லென்ஸைத் திருப்பிக் கொடுத்த இருவரை எனக்குத் தெரியும். காலையில், 15 மீட்டர் தூரத்தில், ட்ரைபாட் மேல் வைத்துச் சோதியுங்கள்.